ஐடி வேலையை விடாமல் பகுதிநேர வேலை: தேடும் முன்பும், கிடைத்த பிறகும்

பகுதிநேர வேலை தேடுகிற ஐடி ஊழியர்கள் முதலில் கேட்பது "எந்த சைட்டில் கிடைக்கும்?" என்றுதான். சைட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்: ஆஃபர் லெட்டரில் ஒரு வரி, பிஎஃப் கணக்கில் ஒரு பதிவு, வரித் தாக்கலில் தவறான படிவம். இதற்கெல்லாம் விடை தேடி ஹெச்ஆர், வங்கி, ஆடிட்டர் என்று அலைந்து தெரிந்துகொண்டதைச் செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். இந்தியாவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, மாலையிலோ வார இறுதியிலோ தனியாகச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கானது இது.

1. ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள்

சேரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு மூடிவைத்த அந்த பிடிஎஃப்பைத் திறங்கள். ஆஃபர் லெட்டர் மட்டும் போதாது. அப்பாயின்ட்மென்ட் லெட்டர், ரகசியக் காப்பு ஒப்பந்தம், நிறுவனத்தின் நடத்தை விதிகள் மூன்றையும் பாருங்கள். நடத்தை விதிகள் பெரும்பாலும் உள் போர்ட்டலில் இருக்கும். நீங்கள் சேர்ந்த பிறகு அவை மாறியும் இருக்கலாம்.

நீங்கள் தேடும் வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "பணியில் இருக்கும் காலத்தில், நிறுவனத்தின் எழுத்துபூர்வ முன் அனுமதியின்றி, ஊதியத்துக்காகவோ ஊதியமின்றியோ வேறு எந்தப் பணியிலும் தொழிலிலும் ஈடுபடக் கூடாது." இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். "ஊதியமின்றியோ" என்று இருந்தால், நண்பனின் ஸ்டார்ட்அப்புக்குக் காசு வாங்காமல் உதவுவதும் விதிமீறல்தான். "முன் அனுமதியின்றி" என்று இருந்தால் வாசல் முழுதாக அடைபடவில்லை, கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, நீங்கள் எழுதும் கோடு யாருக்குச் சொந்தம் என்ற பகுதி. வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிக்கே சொந்தம் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அது நியாயம். ஆனால் சில ஒப்பந்தங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்ட வரி இருக்கும்போது ஒரு க்ளையன்டுக்கு ஆப் செய்து கொடுத்தால், உங்களுடையது அல்லாத பொருளை விற்றதாக நாளை பிரச்சினை வரலாம்.

"ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி தொழிலைத் தடுக்கும் ஷரத்து செல்லாது" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு பெரிதும் வேலையை விட்டுப் போன பிறகு போடப்படும் தடைகளுக்குத்தான். வேலையில் இருக்கும் காலத்துக்கான தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. அதை நம்பி இறங்காதீர்கள்.

2. அனுமதி கேட்பதா, வேண்டாமா

கேளுங்கள் என்பதுதான் என் கருத்து. 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை வேலையை விட்டு நீக்கியது. அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், மேலாளர் மற்றும் ஹெச்ஆரின் முன் சம்மதத்துடன், தன்னோடும் தன் க்ளையன்டுகளோடும் போட்டியில்லாத கிக் வேலைகளைச் செய்யலாம் என்று ஊழியர்களுக்குத் தெரிவித்தது. ஸ்விகியும் அதே ஆண்டு ஊழியர்களுக்காக இப்படி ஒரு கொள்கையை அறிவித்தது. ஆக, கம்பெனிக்குக் கம்பெனி நிலைமை வேறு. பக்கத்து டெஸ்க்கில் யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கேட்கும்போது "மூன்லைட்டிங் (வேலையில் இருந்துகொண்டே வெளியே இன்னொரு வேலை) செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் "கூடாது" என்றுதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: "சனிக்கிழமைகளில் மூன்று மணி நேரம், கல்லூரி மாணவர்களுக்குப் பைதான் வகுப்பு எடுக்க விரும்புகிறேன். அலுவலக நேரம், கருவி, தகவல் எதையும் பயன்படுத்த மாட்டேன். நமது க்ளையன்டுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை." பதிலை ஈமெயிலில் வாங்கி, பிரதியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி சொன்னது, அவர் வேறு டீமுக்குப் போனதும் காற்றோடு போய்விடும். பதில் வர இரண்டு, மூன்று வாரம் இழுக்கலாம். அதனால் வேலை கைக்கு வந்த பிறகு கேட்காமல் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. இரண்டாவது சம்பளத்தைத் தவிருங்கள்

இன்னொரு கம்பெனியில் ஊழியராகச் சேர்வது வேறு, சுயதொழிலாக ஒரு வேலையை முடித்துக்கொடுத்து பில் போடுவது வேறு. முதலாவது வேண்டவே வேண்டாம். பிஎஃப்பில் ஒருவருக்கு ஒரே யூஏஎன் எண்தான். இரண்டு கம்பெனிகள் ஒரே மாதத்தில் அதில் பணம் கட்டினால், பின்னாளில் உங்கள் பணி வரலாற்றைச் சரிபார்க்கிறவருக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் தெரியும். "பார்ட்-டைம்தான், ஆனால் பேரோலில் போட்டுவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், கன்சல்டன்ட் ஒப்பந்தமாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முழுநேர வேலையோடு ஒத்துப்போகிற வேலைகள், என் அனுபவத்தில், முடிவு தேதி உள்ளவையும் நேரத்தை நீங்களே தீர்மானிக்கக் கூடியவையும்தான். வார இறுதி வகுப்புகள், மென்டாரிங், தொழில்நுட்பக் கட்டுரை எழுதுவது, கோடு ரிவ்யூ, ஏஐ மாடல்கள் எழுதிய கோடை மதிப்பிடுவது, சின்ன நிறுவனங்களின் வெப்சைட்டைப் பராமரிப்பது, ஹேக்கர்ஒன், பக்கிரவுட் போன்ற தளங்களில் பக் பவுன்டி (மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லிப் பரிசு வாங்குவது). ஒரு பொருளை முழுதாகக் கட்டித் தரும் வேலையும், "சர்வர் விழுந்தால் உடனே வரணும்" என்கிற வேலையும் பகுதிநேரத்துக்கு ஆகாது. உங்கள் ஆன்-கால் வாரமும் அவர்களுடைய ரிலீஸ் வாரமும் ஒரே வாரத்தில்தான் வந்து சேரும்.

வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மணி நேரம் பேச்சு, ஈமெயில், பில் என்று போய்விடும்.

4. இப்போது தேடலாம்

பழகியவர்கள் மூலம் கிடைப்பதுதான் முதல் வேலைக்கு நல்லது. பழைய சக ஊழியர்கள், படித்த கல்லூரி, உங்கள் ஊரில் பயிற்சி மையம் நடத்துபவர் என்று ஒரு பட்டியல் போட்டு, "இன்னது செய்வேன், வாரத்துக்கு இவ்வளவு நேரம் உண்டு" என்று இரண்டே வரியில் எழுதி அனுப்புங்கள். லிங்க்ட்இனில் "ஓபன் டு வொர்க்" பட்டையைப் போடாதீர்கள். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்ற அமைப்பிலும் உங்கள் கம்பெனி ஆட்களின் கண்ணில் படாது என்பதற்கு முழு உத்தரவாதம் இல்லை.

தளங்கள் வழியாகப் போனால் செலவைத் தெரிந்துகொண்டு போங்கள். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை. போதாக்குறைக்கு, விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற டோக்கன் செலவாகும். பணமும் உடனே கைக்கு வராது. ஃபைவரில் புதியவர்களுக்கு வேலை முடிந்த பிறகு 14 நாள். அப்வொர்க்கில் மணிக்கணக்கு வேலைக்கு அந்த வாரம் முடிந்து 10 நாள். முழு வேலைக்கும் ஒரே தொகை பேசியிருந்தால், க்ளையன்ட் ஒப்புக்கொண்ட பிறகும் 5 நாள் நிறுத்திவைப்பார்கள். தளத்தில் அறிமுகமான க்ளையன்டை வெளியே கூட்டிப்போய்ப் பணம் வாங்கினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்; அப்வொர்க்கில் இந்தத் தடை இரண்டு வருடத்துக்கு உண்டு.

விண்ணப்பத்தில் உங்கள் பத்து வருட வரலாறு வேண்டாம். ஒரு உதாரணம்: "உங்கள் செக்அவுட் பக்கம் மொபைலில் திறக்க எட்டு நொடி ஆகிறது. படங்கள் சுருக்கப்படவில்லை, மூன்று ஸ்கிரிப்ட்கள் ஆரம்பத்திலேயே ஏறுகின்றன. இதைச் சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் போதும். இதேபோல் செய்த ஒரு டெமோ இங்கே." க்ளையன்டின் பிரச்சினை முதல் வரியிலேயே இருந்தால்தான் இரண்டாவது வரியைப் படிப்பார்.

அந்த டெமோ முழுக்க உங்கள் சொந்த நேரத்தில், சொந்த லேப்டாப்பில் செய்ததாக இருக்க வேண்டும். ஆபீஸ் ப்ராஜெக்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் பெயர் மறைத்துப் போடுவது வேண்டாம். ஆபீஸ் வாங்கிக்கொடுத்த கோபைலட், ஐடிஇ லைசென்ஸ்களும் வேண்டாம். தனி லேப்டாப், தனி கிட்ஹப் கணக்கு, தனி ஈமெயில்: ஆரம்பத்தில் ஆகும் உண்மையான செலவு இதுதான்.

5. மோசடிகள்

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. டெலிகிராமில் "ரேட்டிங் போட்டால் காசு" என்று முதலில் சில நூறு ரூபாய் தந்து, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும், டேட்டா என்ட்ரி கொடுத்துவிட்டுத் தவறு இருக்கிறது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவதும் பழைய தந்திரங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

நம் துறைக்கென்றே இரண்டு மோசடிகள் உண்டு. ஒன்று, "டெக்னிக்கல் டெஸ்ட்" என்று ஒரு ரெப்போவை அனுப்பி ஓடவிடச் சொல்வது. இன்ஸ்டால் செய்யும்போதே பாஸ்வேர்டுகளைத் திருடும் கோடு உள்ளே இருக்கும். தெரியாதவர் அனுப்பியதை விர்ச்சுவல் மெஷினில் மட்டும் திறங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் ஒருபோதும் வேண்டாம். இன்னொன்று, உங்கள் ஃப்ரீலான்ஸ் கணக்கை வாடகைக்குக் கேட்பது. "நீங்கள் இன்டர்வியூவுக்கு மட்டும் வாங்க, வேலையை நாங்கள் பார்க்கிறோம், பங்கு தருகிறோம்" என்பார்கள். உங்கள் பான் எண்ணில், உங்கள் முகத்தை வைத்து யாரோ செய்யும் வேலைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

6. விலை

சம்பளத்தை வைத்துத் தொடங்குங்கள். கைக்கு மாதம் 80,000 வருகிறது, மாதத்துக்கு 160 மணி நேரம் என்றால் மணிக்கு 500. பகுதிநேர வேலைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1,000 கேளுங்கள். பில் போட முடியாத பேச்சு நேரம், தளக் கமிஷன், வரி எல்லாம் போக மிஞ்சுவது சம்பளத்தின் மணிக்கணக்கை விடக் குறைவாக இருந்தால், அந்த நேரத்தில் தூங்குவது மேல்.

7. எழுத்தில் ஒப்பந்தம், கையில் முன்பணம்

ஈமெயிலில் நடக்கும் ஒப்பந்தமும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி செல்லும், அதனால் முத்திரைத் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் எழுதப்பட வேண்டியவை இருக்கின்றன: என்ன செய்து தருவீர்கள், எதெல்லாம் இதில் சேராது, எத்தனை முறை திருத்தம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எந்த நேரத்தில் உங்களைத் தொடர்புகொள்ளலாம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலை ஸ்டாண்ட்-அப் நடந்துகொண்டிருக்கும்போது க்ளையன்டின் போன் அடிப்பதற்கு அதுவே காரணம்.

முன்பணம் 30 முதல் 50 சதவீதம் வாங்காமல் தொடங்காதீர்கள். முழுப் பணமும் வந்த பிறகே கோடின் உரிமை மாறும் என்று எழுதுங்கள். ஃப்ரீலான்ஸாக எழுதும் கோடின் உரிமை இயல்பில் எழுதியவருக்கே. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் க்ளையன்டுக்குப் போகும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்த க்ளையன்ட் தானாகவே கேட்பார். தெரியாதவருக்கு நீங்களே சொல்லுங்கள், மரியாதை கூடும்.

சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள். ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்களுடையவை. நீங்கள் குறுந்தொழில் என்று பதிவாகிவிட்டால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்குகிறவர் பணம் தர வேண்டும். இழுத்தடிக்கிறவர் மீது இதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். கெடு தாண்டியும், நிதியாண்டு முடிவதற்குள் தராவிட்டால் அந்த ஆண்டு வரிக்கணக்கில் அந்தச் செலவை அவர்களால் கழிக்கவும் முடியாது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று எனக்கு இழுத்த ஒரு நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவு, இன்வாய்ஸில் உத்யம் எண்ணைச் சேர்த்து மறுபடி அனுப்பியதும் வேகமாக நகர்ந்தது.

8. இன்வாய்ஸும் பணம் வரும் வழியும்

இன்வாய்ஸில் இருக்க வேண்டியவை: வரிசை எண், தேதி, இருவரின் பெயரும் முகவரியும், உங்கள் பான், செய்த வேலையின் விவரம், தொகை, வங்கி விவரம், கடைசித் தேதி. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. "18 சதவீதம் சேர்த்துப் போட்டுடுங்க சார், எல்லாரும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னாலும் போடாதீர்கள்.

சம்பளக் கணக்கில் இந்தப் பணத்தை வாங்காமல் தனி சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் வரிக்கணக்குப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

வெளிநாட்டுப் பணம் என்றால், பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் காரணக் குறியீட்டை வங்கி கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்குப் பி0802. இதைச் சரியாகச் சொல்லாததால் பணம் வங்கியிலேயே நாள்கணக்கில் நிற்பது சகஜம். இன்வாய்ஸும் ஒப்பந்தமும் தயாராக இருந்தால் சீக்கிரம் விடுவிப்பார்கள். ஒவ்வொரு வரவுக்கும், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான எஃப்ஐஆர்ஏ என்ற சான்றைக் கேட்டு வாங்கிவையுங்கள். பேபால் வசதிதான், ஆனால் கட்டணமும் டாலர் மாற்று விகிதத்தில் போகும் பணமும் சேர்ந்தால் கணிசமாகக் கடிக்கும். வைஸ், பயோனியர், நேரடி வங்கி மாற்றம் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

9. வரி: மிக அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் அனுமான வரி முறை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பமும் அறிவிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. ஆண்டு வரவு 50 லட்சம் வரை (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை), அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலும் புரியும்.

கணக்கு இப்படி வரும். நீங்கள் 30 சதவீத ஸ்லாபில் இருக்கிறீர்கள், ஓராண்டில் 3,00,000 ரூபாய்க்கு வேலை செய்தீர்கள். லாபம் 1,50,000. அதற்கு வரி 45,000, செஸ் 1,800, மொத்தம் 46,800. க்ளையன்ட் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடித்திருந்தால் 30,000 ஏற்கெனவே உங்கள் பானில் வரவாகியிருக்கும். மீதி 16,800. இது 10,000ஐத் தாண்டுவதால் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். அனுமான முறையில் இருப்பவர்கள் மொத்தத்தையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். தவறினால் வட்டி. 2025 ஏப்ரல் முதல், ஒரு க்ளையன்டிடமிருந்து வருவது ஆண்டுக்கு 50,000ஐத் தாண்டினால்தான் இந்த டிடிஎஸ். அதற்குக் கீழே பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று அர்த்தமில்லை.

படிவம்: இனி ஐடிஆர்-1 உங்களுக்கு இல்லை. ஐடிஆர்-4 எளிது. ஆனால் அமெரிக்கத் தாய் நிறுவனம் ஊழியர்களுக்குத் தரும் ஆர்எஸ்யூ பங்குகளோ, பட்டியலிடப்படாத ஸ்டார்ட்அப் பங்குகளோ உங்கள் பெயரில் இருந்தால் ஐடிஆர்-4 போட முடியாது, ஐடிஆர்-3தான். ஐடி ஊழியர்களில் நிறையப் பேர் இந்த வகையில்தான் வருவார்கள். ஆடிட்டரிடம் முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சம்பளம் மட்டும் வாங்கும்வரை பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டையும் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய முறை வேண்டுமென்றால் தனிப் படிவம் கொடுத்து வெளியேற வேண்டும். அதிலிருந்து ஒருமுறை புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. வீட்டுக் கடன், எல்ஐசி, வாடகை என்று பழைய முறையில் பெரிய கழிவு எடுப்பவர்கள் முதல் இன்வாய்ஸ் போடுவதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

10. ஜிஎஸ்டி

சேவைத் தொழிலுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. வெளிமாநில க்ளையன்ட் என்றாலும் அப்படியே. சம்பளம் இதில் சேராது, வெளிநாட்டு வரவு சேரும். 20 லட்சத்தைத் தாண்டிப் பதிவு செய்தால், வெளிநாட்டு வேலைக்கு எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்து வரி கட்டாமலே அனுப்பலாம், ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். பகுதிநேரமாகச் செய்கிறவர்கள் இந்த எல்லையைத் தொட நாளாகும்.

11. அடுத்த கம்பெனிக்குப் போகும்போது

பின்னணிச் சரிபார்ப்பில் யூஏஎன் பணி வரலாற்றைப் பார்ப்பது வழக்கம். சில ஏஜென்சிகள் டிடிஎஸ் விவரமுள்ள 26ஏஎஸ் அறிக்கையையும் கேட்கின்றன. அதில் க்ளையன்டின் பெயர் இருக்கும். சம்பளத்துக்கான டிடிஎஸ், தொழில்முறைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் என்று தனித்தனியாகவே பதிவாகும், அதனால் அது இரண்டாவது வேலை இல்லை என்று விளக்கலாம். பழைய கம்பெனி அனுமதித்த ஈமெயில் இருந்தால் விளக்கவே தேவைப்படாது. கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு அந்த மெயில்பாக்ஸ் திறக்காது என்பதால், நோட்டீஸ் பீரியடுக்குக் காத்திராமல் அனுமதி வந்த அன்றே அதன் பிரதியை எடுத்துவையுங்கள். ரகசியத் தகவல் எதுவும் அதோடு சேர்ந்து வராதபடி அந்த ஒரு மெயிலை மட்டும். புதிய கம்பெனியின் சேர்க்கைப் படிவத்தில் "வேறு தொழில் ஈடுபாடு" என்ற கட்டம் இருந்தால் நடக்கும் வேலையை அதில் எழுதுங்கள். பழைய அனுமதி புதிய இடத்தில் செல்லாது, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.